மரப் பெர்கோலா கட்டுவதும் காப்பதும்: மரவாடியில் தொடங்கி மழைக்காலம் வரை

வாசலிலோ பின்கட்டிலோ மொட்டை மாடியிலோ ஆசாரியை வைத்து மரப் பெர்கோலா போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு தூண், இரண்டு உத்தரம், மேலே வரிசையாகச் சட்டங்கள். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் இரண்டு மூன்று மழை பார்த்ததும் தூணின் அடி மெத்தென்று ஆகிவிட்டது, சட்டம் முறுக்கிக்கொண்டது, பாலிஷ் செதில் செதிலாக உரிகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. விசாரித்தால் மரம் மட்டமாக இருந்தது என்பது அபூர்வம். முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்திருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள். அதனால் எதற்குப் பிறகு எது என்பதை நான் சொல்லும் வரிசையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

1. வரைபடத்துக்கு முன் வெயிலைப் பாருங்கள்

படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று சொல்வதுதான் பெரும்பாலோர் தொடங்கும் இடம். அந்தப் படங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகள். அங்கே சூரியன் சாய்ந்தே வரும். நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும்.

சட்டங்கள் வடக்கு தெற்காக ஓட வேண்டும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்காகப் போவதால், அப்படி ஓடும் சட்டம்தான் காலையிலும் பிற்பகலிலும் குறுக்கே நின்று மறைக்கும். கணக்கு எளிது: வெயில் 45 பாகையில் விழும்போது, 6 அங்குல உயரமுள்ள சட்டம் பக்கத்தில் உள்ள 6 அங்குல இடைவெளியை முழுவதும் மறைத்துவிடும். கோடையில் இது பிற்பகல் மூன்று மணி வாக்கில். அதன் பிறகு, சாயும் வெயில் மேற்குப் பக்கவாட்டில் தூண்களுக்கு நடுவே நுழையும். அதற்கு மேலே எத்தனை சட்டம் போட்டாலும் பயனில்லை. மேற்குப் பக்கம் மூங்கில் தட்டியோ கொடியோ வேண்டும்.

நண்பகலில் இதே அமைப்பு கால் பங்கு நிழல்தான் தரும். மதியமும் உட்கார வேண்டுமென்றால் மேலே கொடி ஏற்றுவதா, நிழல்வலை விரிப்பதா, பாலிகார்பனேட் தகடு போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் முடிவு செய்தால் அடித்தளமே போதாமல் போகும். காரணம் அடுத்ததில்.

2. மேலே மூடுவதா, திறந்து விடுவதா

திறந்த பெர்கோலாவில் காற்று ஊடே போய்விடும். தகடு போட்டால் அதே காற்று அதை மேல்நோக்கித் தூக்கும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைக் கடந்தபோதும் எத்தனை கூரைத் தகடுகள் பறந்தன என்று நமக்குத் தெரியும். எனவே தகடு உண்டு என்றால் அடித்தளம், போல்ட், தூண் பருமன் எல்லாவற்றையும் ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலோர மாவட்டங்களில் இதைத் தவிர்க்கவே கூடாது.

இன்னொன்று, மூடிய கூரை என்றால் உள்ளாட்சியின் கண்ணில் அது கட்டடம். மதில் பக்கம் விட வேண்டிய காலியிடத்துக்குள் வருகிறதா என்று மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுக்ககம் என்றால் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மொட்டை மாடியில் எடைக் கணக்கு முதலில் வரும். காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 முதல் 19 கிலோ. அடுத்த பகுதியில் நான் போடும் கணக்குப்படி மொத்தம் அரை டன்னைத் தாண்டும். தூண்கள் கீழே உள்ள பில்லர் அல்லது பீமின் மேல் விழும்படி இடத்தை நகர்த்துங்கள். ஸ்லாபின் நடுவில் நிறுத்தக் கூடாது. தளத்தில் பதித்த ஓடுகளைத் துளைத்து போல்ட் இறக்கினால் அந்த இடத்தில் ஒழுகும். அந்த இடத்து ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு, பீமோடு கம்பி கட்டிச் சிறு மேடை எழுப்பி, சுற்றிலும் நீர்த்தடுப்புப் பூச்சு போட்ட பிறகே தூண்.

3. கன அடிக் கணக்கை நீங்களே போடுங்கள்

மரக் கணக்கு தெரியாமல் விலை பேசப் போகாதீர்கள். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குலத்துக்கு 2 அங்குலம், 12 அடி நீளச் சட்டம் சரியாக ஒரு கன அடி.

தூண்கள் 10 அடிக்கு 8 அடி தூரத்தில், எல்லாப் பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டிய பெர்கோலாவுக்கு இப்படி வரும்:

தூண் 5×5, 9 அடி, நான்கு: 6.25 கன அடி.
உத்தரம் 8×2, 12 அடி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு: 5.33.
மேல்சட்டம் 6×2, 10 அடி, பதினெட்டு: 15.
தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே சாய்வாக வரும் கைத்தாங்கி 4×3, 3 அடி, எட்டு: 2.

மொத்தம் 28.5 சொச்சம். முடிச்சு, வெடிப்பு, வெட்டுக் கழிவு என்று சேர்த்து 32 கன அடி வாங்கலாம். இதற்கு மேல் 40 என்று யாராவது சொன்னால், எந்தெந்த உருப்படிக்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கைத்தாங்கியைச் செலவு மிச்சம் என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. காற்றில் பெர்கோலா பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது அதுதான். தூண் எத்தனை பருமனாக இருந்தாலும் மூட்டு ஆடினால் போல்ட் துளை மெல்ல மெல்ல அகலும்.

4. ஆளும் ஒப்பந்தமும்

கதவு ஜன்னல் செய்யும் நல்ல ஆசாரி எல்லோரும் வெளிவேலைக்கு ஏற்றவர் அல்ல. உள்வேலையில் மூட்டு இறுக்கமாக இருந்தால் போதும். வெளியே தண்ணீர் வழிந்து ஓட வேண்டும். அவர் செய்து மூன்று வருடமாவது ஆன ஒரு வெளிவேலையைப் போய்ப் பாருங்கள். புதிதாக முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தூணின் அடியையும், சட்டம் உத்தரத்தின் மேல் உட்காரும் இடத்தையும் குனிந்தும் ஏறியும் பார்த்தால் அவர் வேலை தெரிந்துவிடும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். அதற்குள் எந்த மரம், எத்தனை பருமன் என்பது மறைந்துவிடும். மரம் தனி, கூலி தனி, இரும்புச் சாமான் தனி, பூச்சு தனி என்று பிரித்து எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் அவசியம் இருக்க வேண்டிய வரி: எழுதிய அளவு அறுத்த அளவா, இழைத்த அளவா? 2 அங்குலமாக அறுத்த சட்டம் இரண்டு பக்கமும் இழைத்த பின் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு வந்து நிற்கும். இதைப் பேசாமல் விட்டதால்தான் வேலை பாதியில் இருக்கும்போது சண்டை வருகிறது. மரத்துக்கு நீங்கள் கொடுப்பது அறுத்த அளவுக்கு. நிற்க வேண்டியது இழைத்த அளவில். இரண்டையும் எழுதுங்கள்.

பணத்தை நான்காகப் பிரியுங்கள். மரத்தை நேரில் பார்த்து ஒதுக்கிய பின் ஒன்று, அடித்தளம் முடிந்த பின் ஒன்று, நிறுத்திய பின் ஒன்று. கடைசித் தவணை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் பெருமழை கழிந்து பார்த்த பிறகு. நல்ல ஆசாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

5. மரவாடியில்

வெளிவேலைக்குத் தேக்கு முதல் தேர்வு. எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம், கரையான் எளிதில் தொடாது, காய்ந்த பின் அதிகம் முறுக்காது. வேங்கையும் நன்றாக நிற்கும். ஆனால் நனைந்தால் கொஞ்ச காலம் சாயம் இறங்கும், கீழே வெள்ளைத் தரை இருந்தால் கறை படியும். ரப்பர் மரம் வெளியே கூடவே கூடாது. பைன் மலிவு. அழுத்த முறையில் மருந்து ஏற்றியது என்றால் எடுக்கலாம், பேக்கிங் பெட்டி பிரித்த பைன் ஒரு மழைக்குத் தாங்காது.

தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி ஏமாறுவது இங்கேதான். தேக்கின் பலம் வைரத்தில், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியில் மட்டுமே. வெளிச்சுற்றில் உள்ள வெள்ளைக்கு அந்தப் பலம் கிடையாது. கரையானும் பூஞ்சையும் அதை வேறு எந்தச் சாதா மரத்தையும் போலவே தின்னும். "அண்ணே, முனையைக் கொஞ்சம் சீவிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அழுக்கும் சிவப்புப் பூச்சும் போன பிறகு முனையில் தண்ணீர் தொட்டுத் தடவினால், பொன்பழுப்பு வைரமும் வெளிறிய வெள்ளையும் கோடு போட்டது மாதிரிப் பிரிந்து தெரியும். தூணில் வெள்ளை அறவே கூடாது. மேல்சட்டத்தின் ஓரத்தில் விரல் அகலம் இருந்தால் அந்தப் பக்கத்தை இழைத்து எடுத்துவிடலாம்.

அடுத்தது ஈரம். பத்து வருடம் காய்ந்தது என்ற பேச்சை விட்டுவிட்டு ஈரமானியை வைத்துப் பாருங்கள். ஊசி குத்தும் சின்னக் கருவி, நல்ல ஒப்பந்தக்காரரிடம் இருக்கும். வெளித்தோலில் குத்தினால் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து நடுவில் குத்துங்கள். 12 முதல் 15 சதவீதம் என்றால் வேலையைத் தொடங்கலாம். 20க்கு மேல் உள்ளதை இழைத்து நிறுத்தினால் நின்ற இடத்திலேயே காய்ந்து சுருங்கும், போல்ட் எல்லாம் தளரும். அந்த ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். லேசான வில்வளைவு பரவாயில்லை, குவிந்த பக்கத்தை மேலே வைத்துவிடலாம். முறுக்கை எதுவும் செய்ய முடியாது, ஒதுக்கிவிடுங்கள். தூணுக்கு, மரத்தின் மையம் நடுவில் வராதபடி அறுத்ததைக் கேளுங்கள். மையம் உள்ளே இருந்தால் ஆழமான வெடிப்பு நிச்சயம்.

உருட்டு மரத்தின் விலையையும் அறுத்த மரத்தின் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். உருட்டுக்குச் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை வைத்துக் கணக்கிடும் முறை வேறு. அறுக்கும்போது போகும் கழிவும் உங்கள் தலையில்தான்.

மரம் வந்ததும் நிழலில், தரைக்கு மேலே கட்டை வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அடித்தளம் போட்டு ஆறும் நாட்களில் மரம் உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகிவிடும்.

6. அடித்தளமும் இரும்பு ஷூவும்

குழி தோண்டும் முன் விளக்கு, மின்விசிறிக்கான குழாய் எந்தத் தூண் வழியாக வரும் என்று முடிவாகியிருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு குழாய்க்காக உடைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

சாதாரண மண்ணில் ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழம், கம்பிக்கூடு, எம்20 தரக் (பலத்தைக் குறிக்கும் அளவு) கான்கிரீட். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அங்கே இன்னும் ஆழம் போக வேண்டும். குழியிலும் சுற்று மண்ணிலும் இமிடாக்ளோபிரிட் போன்ற கரையான் மருந்தை அனுபவமுள்ள ஆள் ஊற்றட்டும். தரைமட்டத்துக்கு மேலே ஆறு அங்குலம் கான்கிரீட் மேடை எழும்ப வேண்டும். மேல்பரப்பு நாலாபுறமும் சரிவாக இருந்தால் தண்ணீர் தங்காது.

மரத்தூணைக் குழிக்குள் இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. உறுதியாக நிற்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், அதில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியே இல்லை. எந்த மரமாக இருந்தாலும் அந்த இடம் அழுகும். மேடையின் மேல் இரும்பு ஷூ (தூணின் அடியைப் பிடிக்கும் உலோகத் தாங்கி) வைத்து, தூணின் அடி கான்கிரீட்டிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி நிற்க வேண்டும். ஷூவின் அடித்தட்டில் நீர் வடியத் துளை இருக்கட்டும்.

ஷூவும் போல்ட்டும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 தரம். கடற்கரை ஊர் என்றால் 316. சாதா இரும்பு துருப்பிடிப்பது ஒரு பக்கம், ஈரத்தில் தேக்கோடு சேர்ந்து கறுப்புக் கறை ஓட விடும். அந்தக் கறை மரத்துக்குள் இறங்கிவிட்டால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கான்கிரீட்டை ஏழு நாளாவது நீர் ஊற்றி ஆற விடுங்கள். பிறகு ஷூக்களை வைத்து மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 10க்கு 8 தூரத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் 12 அடி 9⅝ அங்குலம் வர வேண்டும். இங்கே அரை அங்குலம் விலகினால் மேலே எந்தச் சட்டமும் நேராக உட்காராது.

7. பூட்டும் முன் பூச்சு

இந்த நிலைக்கு எந்தச் சாக்கு சொன்னாலும் விடாதீர்கள், அன்று வீட்டில் இருங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அறுபட்ட முனை வழியாகத்தான். மரத்தின் நீளக் குழல்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கும். நிறுத்திய பிறகு தூணின் அடிமுனையைத் தூரிகை தொட முடியாது, போல்ட் துளைக்குள்ளும் போக முடியாது.

எனவே வெட்டு, துளை, கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) எல்லாம் தரையிலேயே முடியட்டும். ஒரு முறை பூட்டிப் பார்த்துக் கழற்றுங்கள். பிறகு எல்லா முனையையும் துளையையும் பூச்செண்ணெயில் (ஒன்பதாவது பகுதியில் சொல்லும் மர எண்ணெய்) ஊற வைக்க வேண்டும். குடிக்கக் குடிக்க ஊற்றி, இனி குடிக்காது என்ற நிலையில் துடைக்கலாம். தூணின் அடிமுனையை அகலமான தட்டில் எண்ணெய் விட்டு அதில் நிறுத்தி வைப்பது சுலபம். முந்திரி ஓட்டு எண்ணெயை ஆசாரிமார் நெடுங்காலமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே காக்கும். ஆனால் தோலைச் சுடும், மரத்தைக் கறுப்பாக்கும். கையுறையோடு, கண்ணில் படாத முனைகளுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

8. நிறுத்துதல்

தூணை ரசமட்டம் அல்லது தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பார்த்துத் தற்காலிக முட்டுக் கொடுத்த பின் உத்தரம். உத்தரத்தை வெறும் போல்ட்டில் தொங்கவிடக் கூடாது. தூணில் தோள் வெட்டி, எடை மரத்தின் மேல் மரமாக உட்கார வேண்டும். போல்ட் பிடித்து வைக்க மட்டும். வாஷர் இல்லாமல் முடுக்கினால் நட் மரத்துக்குள் புதையும்.

மேல்சட்டத்தில் உத்தரம் உட்காரும் பள்ளம் அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாக வேண்டாம், சட்டத்தின் பலம் போய்விடும். திருகுக்கு முன்துளை போடாமல் ஏற்றினால் முனைக்கருகில் தேக்கு பிளக்கும்.

இரட்டை உத்தரத்தின் மேல்பரப்பும் சட்டங்களின் மேல்விளிம்பும் லேசாக உருட்டி இழைத்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் நீர் தங்கி அங்கேதான் முதல் பாசி பிடிக்கும்.

9. வெளிப்பூச்சு

கதவுக்குப் போட்டது நன்றாக இருக்கிறது என்று மெலமைன் அல்லது பிரெஞ்சு பாலிஷைக் கேட்காதீர்கள். அவை உள்ளறைக்கு. பளபளக்கும் பியூ (பாலியுரேத்தேன்) பூச்சு மரத்தின் மேல் தோலாக நிற்கும். வெயிலில் மரம் விரிந்து சுருங்க, தோல் வெடித்து, உள்ளே போன நீர் வெளியே வராது. பிறகு முழுவதும் சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டும், அந்தக் கூலி முதல் கூலியைவிட அதிகம்.

மரத்துக்குள் ஊறும், நிறமி கலந்த, வெளிப்புற மர எண்ணெய்தான் சரி. பளபளப்பு குறைவு, ஆனால் உரியாது. மங்கினால் கழுவி மேலே இன்னொரு கை கொடுத்தால் போதும். நிறமி இல்லாத நிறமற்ற எண்ணெய் புற ஊதாக் கதிரைத் தடுக்காது, மரம் விரைவில் சாம்பல் நிறமாகும். இரண்டு மெல்லிய கை, நடுவே உலர நேரம், பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தல். துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று நின்று தூசியை வாரும்.

ஆளி விதை எண்ணெய் கலந்த பூச்சு என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகே குப்பைக்கு.

10. பராமரிப்பு

வருடத்துக்கு இரண்டு தடவை: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், மழை ஓய்ந்ததும் ஜனவரியில்.

செப்டம்பரில் மென்மையான தூரிகை, சோப்புத் தண்ணீர் கொண்டு கழுவுங்கள். கார் கழுவும் வேகத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மரத்தின் மென்பகுதி பிய்ந்து நார் நாராக நிற்கும். காய்ந்த பின் மேல்சட்டத்தில் நாலு சொட்டு நீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உடனே கறுத்து உள்ளே போனால் எண்ணெய் கொடுக்க வேண்டிய நேரம். மேற்பரப்பு வருடா வருடம் கேட்கும், நிழலில் உள்ள தூண் இரண்டு வருடம் தாங்கும்.

ஜனவரியில் தூணின் அடியை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. மேடையின் பக்கவாட்டில் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறினால் கரையான். கோட்டைத் தட்டிவிடுவதோடு நிறுத்தாமல் மருந்துக்காரரைக் கூப்பிடுங்கள். மேல்சட்டத்தின் அடியில் அரை அங்குல அளவில் துல்லியமான வட்டத் துளையும் கீழே மரத்தூளும் இருந்தால் அது கருவண்டு. பூச்சு இழந்த வெற்று மரத்தைத்தான் அது தேடும். வண்டு வெளியேறிய பின் துளையை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து எண்ணெய் பூசினால் அடங்கும்.

முதல் கோடை முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்க வேண்டும். மரம் எப்படியும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். தூணில் நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், பருமனான மரத்துக்கு அது இயல்பு. புட்டி வைத்து அடைத்தால்தான் கெடுதல், பின்னால் நீர் சிக்கிக்கொள்ளும். போல்ட் துளை வரை ஓடும் வெடிப்பை மட்டும் ஆசாரியிடம் காட்டுங்கள்.

கொடி ஏற்றுகிறவர்கள் மரத்தைச் சுற்ற விடாமல், நான்கு அங்குலம் தள்ளி எஸ்எஸ் கம்பி கட்டி அதில் ஏற்றுங்கள். முல்லை, ரங்கூன் மல்லி போன்றவை போதும். காகிதப்பூ வளர வளரக் கனக்கும், எண்ணெய் பூசும்போது முள்ளும் விடாது. எதுவானாலும் செப்டம்பர் வேலைக்கு முன் கவாத்து செய்து, தூணடியில் குவியும் சருகை அள்ளிவிட வேண்டும்.

மேல்சட்டங்களைத் திருகில் நிறுத்தியிருந்தால் கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். அதனால் மரம் வாங்கும்போதே அதே லாட்டில் இரண்டு சட்டம் கூடுதலாக அறுத்து, இழைத்து, எண்ணெய் கொடுத்து, போர்டிகோவில் சுவரோரம் கட்டை மேல் படுக்க வைத்துவிடுங்கள். பின்னால் தேடினால் அந்த நிறத்திலும் கோட்டிலும் மரம் கிடைக்காது.